ஒரு பலூன், மூன்று காற்று

ஜூலை மாதத்தில் வானம் தெளிந்த ஒரு மாலை, சென்னை மீனம்பாக்கத்தில் பலூன் ஒன்றை விட்டால் அது ஒரே திசையில் போவது அரிது. முதல் சில நிமிடங்கள் மேற்கே குன்றத்தூர் பக்கமாக நகரும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் போனதும் தயங்கும். பிறகு வந்த வழியே திரும்பி, விட்டவரின் தலைக்கு மேலாகவே கடந்து கிழக்கே கடலை நோக்கிப் போகும். மேகம் மறைக்காமல் இருந்து, கண்ணும் விடாமல் தொடர்ந்தால், ஆறேழு கிலோமீட்டருக்கு மேலே அது மறுபடியும் மேற்கே திரும்புவதைப் பார்க்கலாம். தரையில் நிற்பவருக்கு அன்று அடித்தது ஒரே காற்று. பலூன் கடந்ததோ மூன்று.

மேலடுக்குக் காற்றை அளப்பது என் தொழில். பணியில் இருந்த காலம் முழுக்க இந்தத் திருப்பங்களைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அலுத்ததில்லை. அந்த மூன்று காற்றுக்கும் ஊர் வேறு, வயது வேறு, வேகம் வேறு. ஆனால் மூன்றையும் ஓட்டுவது ஒரே விதி. அதைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது மனப்பாடம் செய்தேன். தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

பைலட் பலூன் என்று நாங்கள் சொல்வது கருவி எதையும் சுமக்காத வெறும் ரப்பர் பலூன். வானம் நீலமாக இருந்தால் வெள்ளைப் பலூன். மேகம் இருந்தால் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும்படி சிவப்போ கறுப்போ. ஹைட்ரஜன் நிரப்பும் கொட்டகைக்குள் தீப்பெட்டிக்கு இடமில்லை. நைலான் சட்டைக்கும் இடமில்லை. உரசலில் எழும் ஒரு சிறு பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும். பலூனின் வாயில் அளவான எடை கோத்த குழாயைச் செருகி, வாயுவை மெல்லத் திறப்போம். பலூன் உப்பி, அந்த எடையைத் தூக்கிப் போகவும் முடியாமல் கீழே விடவும் முடியாமல் அந்தரத்தில் நிற்கும் ஒரு கணம் வரும். அதுதான் சரியான நிரப்பு. அதற்கு மேல் கொஞ்சம் வாயு போனாலும் பலூன் விரைந்து ஏறும்; குறைந்தால் மந்தப்படும். ஏறும் வேகம் பிசகினால் எல்லாக் கணக்கும் பிசகும். ஏனென்றால் பலூனின் உயரத்தை நாங்கள் நேரடியாக அளப்பதில்லை. கடிகாரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறோம்.

வெளியே தியோடலைட் காத்திருக்கும். நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை திருகிச் சமப்படுத்தி, தெரிந்த அடையாளம் ஒன்றைப் பார்த்துத் திசையைச் சரிபார்த்து வைத்திருப்போம். இந்தத் தொலைநோக்கி செங்கோணத்தில் மடங்கியது. பலூன் உச்சிக்கே ஏறினாலும் பார்ப்பவர் கழுத்தை அண்ணாக்க வேண்டியதில்லை. கண் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு கையும் இரண்டு திருகில். நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அந்த நொடியில் குறுக்குக் கம்பிகள் சந்திக்கும் இடத்தில் பலூன் இருக்க வேண்டும். உடனே இரண்டு கோணங்களை வாய்விட்டுச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதுவார்: தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது, வடக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது.

இவ்வளவை வைத்துக்கொண்டு காற்றின் வேகம் எப்படிக் கிடைக்கிறது? நிமிடத்துக்கு 180 மீட்டர் ஏறும்படி நிரப்பிய பலூன் ஐந்தாம் நிமிட முடிவில் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும். அப்போது ஏற்றக் கோணம் 30 டிகிரி என்றால், அது நம்மிடமிருந்து தரைவழியாக ஏறத்தாழ 1,560 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறாம் நிமிடத்தில் உயரம் 1,080 மீட்டர். கோணம் 28 டிகிரிக்கு இறங்கியிருந்தால் தொலைவு 2,030 மீட்டர். திசைக் கோணம் மாறவில்லை என்றால், ஒரே நிமிடத்தில் 470 மீட்டர் நகர்ந்திருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்குதான். அதைக் கொண்டு, யார் கையும் எட்டாத உயரத்துக் காற்றை எடுத்துக் காகிதத்தில் வைத்துவிடுகிறோம்.

பலூன் திரும்பும் நேரம்தான் கடினம். இறங்கிக்கொண்டே வந்த ஏற்றக் கோணம் முதலில் நிலைக்கும், பிறகு ஏறத் தொடங்கும். அறுபது, எழுபது, எண்பது என்று உச்சியை நெருங்கும்போது திசைத் திருகைச் சரசரவென்று சுழற்ற வேண்டியிருக்கும். தலைக்கு நேர்மேலே கடக்கும் அந்த ஒரு நிமிடத்தில் மேற்கே காட்டிக்கொண்டிருந்த கருவி கிழக்கே காட்டும். கை தயங்கினால் பலூன் பார்வைக் களத்தைவிட்டுப் போய்விடும். மறுபடி கண்டுபிடிப்பது பெரும்பாடு. என்னைப் பழக்கிய மூத்தவர் அந்த நேரத்தில் பின்னால் நின்று சொல்வார்: “தம்பி, தரையில அடிக்கிற காத்த வெச்சு மேல இருக்கிறத முடிவு பண்ணாதீங்க. பலூன் எங்க போகுதோ அங்க நீங்களும் போங்க.” இந்தத் தொழிலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த மூன்று காற்றில் முதலாவது, கடற்காற்று. சென்னைக்காரர் எல்லோரும் அறிந்தது; நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ நுழைந்து உயிரைத் திருப்பித் தருவது. வெயிலில் நிலம் சட்டென்று சூடேறுகிறது. கடல் அவ்வளவு சூடேறுவதில்லை. நிலத்தின் மேலிருக்கும் காற்று விரிந்து உயர்கிறது. உயரத்தில் மிகுந்த காற்று கடல்பக்கம் வழிந்துபோகிறது. மேலே பாரம் குறைந்ததால் நிலத்தில் அழுத்தம் தாழ்கிறது. அந்தத் தாழ்வை நிரப்பக் கீழ்வழியாகக் கடல் காற்று உள்ளே வருகிறது. கேணி ராட்டினத்தில் ஒரு கயிறு இறங்க மறு கயிறு ஏறுவதுபோல, கீழே வருவதும் மேலே போவதும் ஒரே சுற்றின் இரு பாதிகள். மாலை செல்லச் செல்ல இந்தக் கடற்காற்று கிழக்கிலிருந்து மெல்லத் தெற்கே சாய்வதையும் எங்கள் பதிவேடுகள் காட்டும். வீசும் காற்று வலப்பக்கம் ஒதுங்குகிறது. இந்த வலப்பக்க ஒதுக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய காற்றுகளுக்கெல்லாம் திறவுகோல் இதுவே.

கடற்காற்றின் மேலே, பலூன் திரும்பிய இடத்தில், இரண்டாவது காற்று இருக்கிறது: தென்மேற்குப் பருவக்காற்று. கடற்காற்று அன்று காலையில் பிறந்தது; இதுவோ பூமத்திய ரேகைக்குத் தெற்கேயிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருப்பது. நம் கோடையில் வடஇந்தியாவும் பாகிஸ்தானும் சூடேறி அங்கே அழுத்தம் தாழும். அதே காலத்தில் தென் இந்தியப் பெருங்கடலுக்குக் குளிர்காலம். மொரீஷியஸுக்குத் தெற்கே அழுத்தம் உயர்ந்து நிற்கும். கடற்காற்றை ஓட்டிய அதே ஏற்றத்தாழ்வுதான்; அளவு மட்டும் சில பத்துக் கிலோமீட்டரிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டராகிவிட்டது.

அங்கிருந்து புறப்படும் காற்று தென்கிழக்கிலிருந்து வீசி வருகிறது. பூமத்திய ரேகையைத் தாண்டியதும் அதுவே தென்மேற்கிலிருந்து வீசும் காற்றாகிறது. காரணம், கீழே தரை சும்மா இருப்பதில்லை. பூமத்திய ரேகையில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. சென்னை இருக்கும் 13-ஆம் பாகையில் அந்த வேகம் 1,630-ஐ ஒட்டி. தெற்கேயிருந்து வரும் காற்று தன்னிடமுள்ள கூடுதல் கிழக்கு வேகத்தோடே வருவதால், இங்கே தரையை முந்திக்கொண்டு கிழக்கே, அதாவது தன் வலப்பக்கம், விலகுகிறது. தெற்கு அரைக்கோளத்தில் இதே விலகல் இடப்பக்கம். வியாபாரக் காற்று ஏன் நேர் வடக்கிலிருந்தோ நேர் தெற்கிலிருந்தோ வீசாமல் கிழக்குப் பக்கமிருந்து சாய்ந்து வீசுகிறது என்பதற்கு 1735-இல் இலண்டனில் ஜார்ஜ் ஹாட்லி சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான். அதற்கு முன்பே, 1686-இல், எட்மண்ட் ஹேலி கடற்பயணிகளின் செய்திகளைத் திரட்டிக் காற்றுகளின் வரைபடத்தை வெளியிட்டிருந்தார். சூடான காற்று எழ, குளிர்ந்த காற்று அங்கே ஓடுகிறது என்பதை அவர் கண்டார். சுழற்சியைச் சேர்த்தவர் ஹாட்லி. காற்று எந்தத் திசையில் ஓடினாலும் இந்த விலகல் உண்டு என்று கணக்கை முழுமையாக்கியவர் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் வில்லியம் ஃபெரல், 1850-களில். இந்த விலகலைப் பிரெஞ்சுக் கணிதர் கொரியாலிஸின் பெயரால் இன்று அழைக்கிறோம்.

பருவக்காற்று கடலின் மேல் பரவலாக வந்து சேர்வதாகத்தான் வெகுகாலம் நினைத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலம் மதிலாக நின்று காற்றைத் தடுக்க, அது சோமாலியாக் கரையோரம் ஒடுங்கி, ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் வெள்ளமாகப் பாய்கிறது என்பதை 1969-இல் வானிலையாளர் ஃபிண்ட்லேட்டர் விவரித்தார். அதன் தொடர்ச்சி நம் தீபகற்பத்தின் மேல் ஓடுவதை, அதற்கு மூன்றாண்டு முன்பே இந்திய வானிலையாளர்கள் பி.வி. ஜோசப்பும் பி.எல். ராமனும் எழுதிவிட்டார்கள். மீனம்பாக்கத்தில் திரும்பிய பலூன் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கே வேகமெடுப்பது இந்தக் காற்றில்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வருவதால் இந்தக் காற்று நமக்கு உலர்காற்று. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் சூடேறிக்கொண்டே இறங்குகிறது. பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் இடைவெளி கிடைத்தால் முண்டியடித்துப் பாய்ந்து காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சென்னைக்கு வந்ததும் கடற்காற்றோடு மல்லுக்கு நிற்கிறது. மேற்குக் காற்று ஓங்கிய நாளில் கடற்காற்று கரையேற முடியாமல் கடலிலேயே காத்திருக்கும். அன்றுதான் நகரம் 40 டிகிரியைத் தாண்டும். இரண்டும் முட்டிக்கொள்ளும் கோட்டில் காற்று மேலெழும்பி, சில மாலைகளில் இடிமழையாகும்.

மூன்றாவது காற்றைத் தரையில் வாழ்பவர்கள் உணர்வதே இல்லை. ஆறேழு கிலோமீட்டருக்கு மேலே கிழக்கிலிருந்து தொடங்கி, உயர உயர வலுத்து, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டரை எளிதில் கடக்கும். பைலட் பலூனால் அதன் அடிவாரத்தைத்தான் தொட முடியும். கருவி கட்டிய பெரிய பலூனை அனுப்பினால் முழுதும் தெரியும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றோட்டம் என்று இதற்குப் பெயர். 1950-களில் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம், மேலடுக்குக் காற்றுப் பதிவுகளைத் தொகுத்து இதை அடையாளம் கண்டு, 1958-இல் கட்டுரையாக வெளியிட்டார். பின்னாளில் அவரே துறையின் தலைமை இயக்குநரானார்.

இது ஏன் கிழக்கிலிருந்து வீசுகிறது? சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் திபெத் பீடபூமி கோடையில் சூடேறி, நடு வானத்துக் காற்றையே நேரடியாகச் சூடாக்குகிறது. பருவமழை மேகங்களில் நீராவி குளிரும்போது வெளிப்படும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே மேலெழுந்த காற்று உயரத்தில் தெற்கே வழிகிறது. தெற்கே போகும் காற்றுக்கு வலப்பக்கம் எது? மேற்கு. ஆகவே அது கிழக்கிலிருந்து மேற்கே பாயும் ஓட்டமாகிறது. கீழே தென்மேற்கிலிருந்து வந்த பருவக்காற்றின் மறுபாதி இதுதான். கடற்காற்றில் ஒரு பிற்பகலில் முடியும் சுற்று, இங்கே ஒரு கண்டத்தையும் ஒரு பெருங்கடலையும் சேர்த்து நான்கு மாதம் ஓடுகிறது. சூட்டின் ஏற்றத்தாழ்வு, அதனால் அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு, கீழே வரவு, மேலே போக்கு, சுழலும் பூமியால் ஒரு விலகல். உலகத்துக் காற்று அனைத்துக்கும் வேர் இந்த ஐந்தில் இருக்கிறது.

நம் அரைக்கோளத்தில் வெப்பமண்டலத்திலிருந்து துருவம் நோக்கி உயரத்தில் போகும் காற்று வலப்பக்கம், அதாவது கிழக்கே, திரும்புகிறது. ஜப்பான், ஐரோப்பா, வட அமெரிக்கா மேலெல்லாம் மேற்கிலிருந்து வீசும் பெரிய ஜெட் காற்றோட்டங்கள் அப்படி வந்தவை. ஜப்பானில் அதை முதலில் அளந்தவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்தான் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. தோக்கியோவுக்கு வடகிழக்கே, தாத்தெனோ ஆய்வகத்தின் தலைவர் வாசாபுரோ ஓயிஷி 1920-களில் பைலட் பலூன்களைத் தியோடலைட்டில் தொடர்ந்து, குளிர்காலத்தில் ஒன்பது பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மேற்குக் காற்று ஓடுவதைப் பதிவு செய்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். படித்தவர்கள் சிலரே. 1944-இல் ஜப்பான் மீது உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறியபோதுதான் வெளியுலகம் அதன் வலிமையை நேரில் கண்டது. அவர் எழுதிவைத்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ்நாட்டுக்கு ஆண்டின் பெரிய நிகழ்வு அக்டோபரில் நடக்கிறது. நிலம் குளிரத் தொடங்க, மேற்குக் காற்று தளர்ந்து பின்வாங்கும். வடகிழக்கிலிருந்து வாடை இறங்கும். மழை பெய்துவிட்டதே, பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவிக்க ஏன் இவ்வளவு தயக்கம் என்று மக்கள் கேட்பார்கள். மழை மட்டும் போதாது. கரையோரத்தில் கிழக்குக் காற்று நிலைத்திருக்க வேண்டும்; ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை அது கிழக்காகவே இருக்க வேண்டும். தரையில் கிழக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மேற்குமாக இருந்தால் அது வெறும் கடற்காற்று. பருவம் இன்னும் மாறவில்லை. எந்த அறிவிப்புக்கும் முன்னால் அந்த ஆழத்தைப் பலூன் சொல்ல வேண்டும். கிழக்கே திரும்பாமல் மேற்கேயே போய்க்கொண்டிருக்கும் முதல் அக்டோபர் பலூனைத் தொடர்வதில் உள்ள மகிழ்ச்சி, இந்த வேலை செய்தவர்களுக்கே தெரியும்.

புயல் காலத்தில் இதே அறிவு உயிர்காக்கும். நம் அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்த மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். டச்சு வானிலையாளர் பைஸ் பலோட் 1857-இல் சொன்ன விதி. கிழக்கேயிருந்து வரும் புயல் நமக்குத் தெற்கே கடந்தால், காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். வடக்கே கடந்தால் வடக்கு, வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். மையம் நம் மேலேயே வந்தால் வடக்குக் காற்று திடீரென அடங்கும். அந்த அமைதியை நம்பி வெளியே வரக்கூடாது. சற்று நேரத்தில் தெற்கிலிருந்து அடிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரம் இந்த இரு பாதிகளையும் பார்த்தது.

இன்று செயற்கைக்கோள்களும் ரேடார்களும் வந்துவிட்டன. ஜி.பி.எஸ். சுமந்த பலூன்கள் 30 கிலோமீட்டரை எட்டி, பருவம் எதையும் சாராமல் ஏறத்தாழ 28 மாதச் சுற்றில் கிழக்கும் மேற்குமாக மாறிவரும் உச்சிக் காற்றுகளையும் அளந்து அனுப்புகின்றன. இந்திய நேரம் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை மணிக்கான அளவீட்டுக்காக உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களிலிருந்து பலூன்கள் ஏறுகின்றன. எல்லா நாட்டு முன்னறிவிப்புக் கணினிகளும் அந்த அளவுகளைத் தின்றுதான் வேலை செய்கின்றன. கருவி மாறினாலும் ஒழுங்கு மாறக்கூடாது: குறித்த நேரத்தில் அளக்க வேண்டும், கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும், ஒருநாளும் விடக்கூடாது.

வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூலை, ஆகஸ்டில் உயரேயும் தாழேயும் மேகம் இருக்கும் ஒரு மாலையில் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். ஒரு குச்சியில் நூலைக் கட்டித் தரைக்காற்றின் திசையைக் குறிக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த மேகங்கள் எங்கே போகின்றன, மிக உயரத்தில் இழை இழையாகத் தெரியும் வெண்மேகங்கள் எங்கே போகின்றன என்று வீட்டு விளிம்பையோ கம்பத்தையோ அடையாளமாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றையும் தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதவையுங்கள். ஒரு வருடம் தொடரட்டும். ஹேலிக்கும் ஓயிஷிக்கும் கோட்டீஸ்வரத்துக்கும் கிடைத்த பெரிய உண்மைகள் எல்லாம், யாரோ ஒருவர் இப்படி நாள் தவறாமல் பார்த்து எழுதிவைத்த சின்னச் சின்ன வரிகளிலிருந்து வந்தவைதான்.